கெண்டைக்கால் சூடு

தையல்காரம்மாவின் வலது கெண்டைக்கால் சுட்டது.

பயிற்சிக்கு வந்த பெண் கையை எடுத்துவிட்டு இடது காலைத் தொட்டாள். அது சாதாரணமாக இருந்தது. மறுபடி வலது. சுடத்தான் செய்தது.

இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனவர்களை முதன்முதலாக எழுப்பி நிறுத்துவதற்கு முன்னால் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிசியோதெரபி படிக்கிறவர்களுக்கு இது ஆனா ஆவன்னா மாதிரி. படுத்தே கிடந்த காலில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். சூடு, வீக்கம், அமுக்கினால் வலி, இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரைக் கூப்பிடாமல் நிறுத்தக் கூடாது. நடக்க வைத்து, அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய்விட்டால், அப்புறம் யார் ஓடி வந்தும் பிரயோஜனமில்லை.

வீக்கமும் இருந்தது. ஆனால் ஆபரேஷன் ஆன கால் வீங்காமல் என்ன செய்யும்?

மெதுவாக அமுக்கினாள். தையல்காரம்மா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“என்ன கண்ணு, தக்காளி பொறுக்கற மாதிரி அமுக்கிப் பாக்கறே? கூசுது.”

பக்கத்தில் நின்ற மகள் சிரித்தாள். இவளும் சிரித்துவைத்தாள்.

கால்மாட்டில் பெரிய மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். இந்த எலும்பு வார்டுக்கு அவர்தான் தலைமை பிசியோ. அவர் வாயால் ஒருத்தரை நல்லபடியாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

இங்கே பயிற்சிக்குப் போட்டபோது இவள் அழுதே விட்டாள். முதல் வருஷத்திலிருந்து கால்பந்துப் பைத்தியம். ஒரு பெரிய அணிக்கு பிசியோவாகி, எவனாவது விழுந்தால் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓட வேண்டும். வகுப்பில் அவளுக்குப் பெயரே பந்து.

எலும்பு வார்டில் என்ன இருக்கிறது, முனகலும் மூத்திர வாடையும்தானே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவளை இந்தக் கட்டில்காரர்கள் கவிழ்த்துவிட்டார்கள். படுத்த படுக்கையாக வந்த ஆள், அவள் தோளைப் பிடித்து எழுந்து நின்று, ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்க்கிறபோது ஒரு முகம் வரும் பாருங்கள். எந்தக் கோலுக்கும் அந்த முகம் வராது. போன வாரமே முடிவு பண்ணிவிட்டாள், இனிமேல் இதுதான் என்று.

முடிவு பண்ணி என்ன? இங்கே காலியாக இருப்பது ஒரே ஒரு இடம். மேடம் கை காட்டுகிற ஆளுக்குத்தான் அது. இன்றைக்குப் பயிற்சி முடிகிறது.

மேடத்துக்குத் தயங்குகிற ஆட்களைக் கண்டாலே ஆகாது. இதற்கு முன் வந்த ஒருத்தி எதற்கெடுத்தாலும் டாக்டரைக் கூப்பிட்டாளாம். பயந்தாங்கொள்ளி என்று வார்டே கேட்கிற மாதிரி சொல்லி அனுப்பினாராம்.

“மேடம், கால் கொஞ்சம் சூடா இருக்கு.”

சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மேடத்தின் புருவம் ஏறியது. பிறகு அவரே ஒரு வழி காட்டினார்.

“அம்மாவுக்குப் பழைய முட்டிவலி இருக்குல்ல? அந்தப் பையன் காலைல ஹாட் பேக் வெச்சுட்டானா?”

அப்பாடா! இது ஏன் நமக்குத் தோன்றவில்லை? முட்டிக்கு ஒத்தடம் வைத்தால் கெண்டைக்காலும்தான் சுடும். அந்தப் பையன் என்பது அவளோடு பயிற்சிக்கு வந்திருக்கும், எல்லோரும் கொட்டாவி என்று கூப்பிடுகிற வகுப்புத் தோழன். இந்த வார்டில் காலை ஒத்தடமெல்லாம் அவன் பொறுப்பு. ஆளைத்தான் காலையிலிருந்து கண்ணில் காணோம்.

ஓடிப் போய்க் கேட்டுவிட்டு வரலாம். அதற்குள் மேடம் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அங்கே பயிற்சிக்கு வந்த வேறொருத்தி வாக்கரோடு தயாராக நிற்கிறாள்.

“வெச்சிருப்பான் மேடம்.”

“அப்புறம் என்ன? எழுப்பி நிறுத்து.”

நிறுத்தினாள். தையல்காரம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஐயோ அம்மா என்றார், அவளைத் திட்டினார், அப்புறம் ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி. கதவுவரை போய்த் திரும்பினார். மகள் அழுதுகொண்டே செல்போனில் படம் பிடித்தாள். எதிர்க் கட்டிலில் காலைத் தொங்கவிட்டிருந்தவர் கை தட்டினார். தையல்காரம்மாவுக்கு அந்த முகம் வந்துவிட்டிருந்தது.

மேடம் பந்துவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீ இங்கேயே இருந்துடு. நான் பேசிக்கறேன்.”

சரி மேடம், சரி மேடம் என்று இரண்டு தரம் சொன்னாள். பந்தாவது மைதானமாவது! அம்மாவுக்குப் போன் பண்ண வேண்டும். அப்பாவுக்கு இன்னும் கொஞ்ச நேரம் சொல்லக் கூடாது, கெஞ்ச விட வேண்டும். சிரிப்பை அடக்க முடியாமல் வராந்தாவில் வந்து நின்றாள்.

வராந்தாக் கோடியிலிருந்து கொட்டாவி ஓட்டமும் நடையுமாக வந்தான். துண்டில் சுற்றிய எதையோ இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான். துண்டிலிருந்து ஆவி பறந்தது.

“ஏய் பந்து, மேடம்கிட்ட மாட்டி விட்டுடாதே. காலைலேர்ந்து ஹாட் பேக் மெஷின் சூடே ஆகல, இப்பத்தான் சரியாச்சு. தையல்காரம்மாவுக்கு முதல்ல வெச்சுடட்டுமா?”

அவள் வார்டுக்குள் திரும்பிப் பார்த்தாள்.

தையல்காரம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை நெஞ்சில் இருந்தது. மகள் தண்ணீரை நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். ஒன்றுமில்லை, நடந்து பழக்கம் விட்டுப்போச்சு இல்லையா, அதான் கொஞ்சம் மூச்சு வாங்குது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.