பஞ்சடைத்த புட்டி

சோம்பா நகர மருத்துவமனையில் வெளிச்சம் லிம்பானியின் கண்ணைக் கூசவைப்பதால், அவன் மனைவி தெம்வா பாவாடைமேல் சுற்றும் தன் பச்சை இடுப்புத்துணியை ஜன்னலில் கட்டியிருக்கிறாள். அந்தப் பச்சை நிழலில் தன் எச்.ஐ.வி. மாத்திரையை விழுங்குகிறாள். "எனக்கு எப்போ?" என்கிறான். "மொதல்ல மூளைக்காய்ச்சல் அடங்கணுமாம். இப்பவே இந்த மாத்திரையைக் குடுத்தா மூளை வீங்கிடுமாம், நர்ஸ் சொன்னாங்க." "அதுக்குள்ள நான் போயிட்டா?" "கல்யாணத்துக்கு என்னைய எவ்வளவு காலம் காக்க வெச்சீங்க? இப்ப நீங்க காத்திருங்க." அவன் உதடு கோணுகிறது, சிரிப்புதான். வெளியே போகும்போது மாத்திரைகள் குலுங்கித் தன் நோயைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று அவள் எப்போதும் மாத்திரைப் புட்டியைப் பஞ்சால் அடைத்து வைப்பாள். இன்று பஞ்சை எடுத்துவிட்டு, அவன் காதருகே மெல்லக் குலுக்குகிறாள். "கேக்குதா? இதே மாதிரி ஒண்ணு உங்களுக்கும் வரும்." பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கிறார். அவன் கண்ணை மூடியபடி, "இன்னொரு தடவை" என்கிறான். தெம்வா மறுபடியும் குலுக்குகிறாள்.