தம்பிக்கு மூணு புத்தகம்

வண்ணாரப்பேட்டையில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் லியாகத் அலிக்குப் பூமாரியின் மேல் தனி மரியாதை. மாதம் தவறாமல் விம்கோ நகரிலிருந்து வந்து, தம்பிக்குப் புத்தகம் வாங்கிப் போவாள்.

"இந்த தபா இன்னாம்மா வேணும்?"

"ஒரு நாவல், ஒரு சரித்திர ஆராய்ச்சி, நட்சத்திரத்தப் பத்தி ஒண்ணு."

"ஹாஸ்டல்ல இருந்துகினு இவ்ளோ படிக்கிறானே! எங்க வூட்டுப் பசங்க போனத் தவிர ஒண்ணத்தையும் தொட மாட்டானுங்க."

அவள் காசைக் கொடுத்துவிட்டுப் புத்தகங்களோடு வாசலுக்குப் போனாள். சர்ரென்று கிழிபடும் சத்தம் கேட்டு அவர் எட்டிப் பார்த்தார். சரித்திரப் புத்தகத்தின் அட்டை அவள் கையில் தனியாக வந்திருந்தது.

"அட்டையப் பிச்சிட்டியே! பைத்தியமா உனக்கு?"

"கெட்டி அட்டை இருந்தா ஜெயில் கேட்டுலயே திருப்பிக் குடுத்துடறாங்க பாய்."

அவர் கிழிந்த அட்டையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"எப்பம்மா வெளிய வருவான்?"

"கேஸே இன்னும் ஆரம்பிக்கல."

மெல்லிய நாவலை மட்டும் அவரிடம் நீட்டினாள்.

"இத மாத்திக் குடு பாய். இருக்கிறதுலயே தடியா ஒண்ணு வேணும்."