பால் இல்லைக்கா

மதிய வெயில் உணவகத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டி மேசைமேல் விழுந்து கிடக்கிறது. கறி, முட்டை, பால் எதுவும் கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லி வாங்கிய காளான் சூப்பை மகள் உறிஞ்சிக் குடிக்கிறாள். "பால் ஒரு சொட்டுகூட இல்லைக்கா, தைரியமா குடுங்க" என்று பரிமாறுபவர் சொல்லியிருந்தார். பால் பட்டாலே மகளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். வீட்டில் யாருமே அதைத் தொடுவதில்லை. பாதிக் கிண்ணம் காலி. மீதியின் ஓரத்தில் பொன்னிறமாக ஒரு வட்டம் மிதக்கிறது. அம்மா கரண்டியால் தொட்டதும் அது இரண்டாகப் பிரிந்து, நகர்ந்து, மறுபடி ஒட்டிக்கொள்கிறது. "அண்ணா, இது என்ன?" பரிமாறுபவர் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். "வெண்ணெய்க்கா. பாப்பா ஒல்லியா இருக்கேன்னு நான்தான் கூட ஒரு கட்டி போடச் சொன்னேன்." அம்மாவின் கை பைக்குள் ஒவ்வாமைக்கான அவசர ஊசி மருந்தைத் தேடுகிறது. சாவி, சீப்பு, கைக்குட்டை, மறுபடி சாவி. பக்கத்து மேசையில் யாரோ தட்டைத் தட்டித் தண்ணீர் கேட்கிறார்கள். மகள் கழுத்தைச் சொறிகிறாள். "பால் இல்லையேக்கா..." என்கிறார் பரிமாறுபவர், சிரிப்பு போய்விட்டது. மகள் "அம்மா" என்கிறாள். சொல்லில் பாதிதான் வெளியே வருகிறது.