இருவருக்கு ஒரு முட்டை

தினமும் போனில் நடக்கும் ஊட்டச்சத்து வகுப்பில் முட்டையோடு தட்டைக் காட்டினால்தான் பிரசவ வார்டில் இடம் நிலைக்கும். உப்பளக் குடியிருப்பின் இரண்டு கர்ப்பிணிகளுக்கும் இருந்தது ஒரே அவித்த முட்டை. சகாயராணி தன் போனில் காட்டி முடித்ததும், அடுத்து வரும் தன் வகுப்புக்குப் பக்கத்து வீட்டு எஸ்தர் அதை வாங்கிப்போவாள்.

இன்று போனில் இருந்த ஏஐ டீச்சர், "அருமை, சகாயராணி. இனிமேல் நீங்கள் சாப்பிடுவதையும் நான் பார்க்க வேண்டும்" என்றது.

வாசலில் எஸ்தர் காலித் தட்டோடு நின்றாள். அவளுக்கு நிறைமாதம்.

"அப்புறமா சாப்பிடுறேன் டீச்சர்."

"அப்படியென்றால் வார்டு இடம் ரத்தாகும்."

சகாயராணி முட்டையைக் கடித்தாள். மெல்லாமல் வாசலைப் பார்த்தாள்.

"முழுங்கிடுங்கக்கா, பார்த்துக்கிட்டிருக்கு" என்றாள் எஸ்தர்.

பக்கத்து வீட்டில் எஸ்தரின் போன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியது.