குறட்டை விட்ட வாடிக்கையாளர்

ஜெர்மனியின் ப்ரேமன் நகரக் காப்பி ஆலையின் கூட்ட அறையில் வீப்கே தன் இரண்டு வருட ஆராய்ச்சியை விளக்கிக்கொண்டிருந்தாள். நான்கு கோப்பை காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த மொத்த வியாபாரி டீடெமான் குறட்டை விட ஆரம்பித்தார்.

"வாங்க வந்த மனுஷனையே தூங்க வெச்சுட்டியே," என்று கிசுகிசுத்தான் விற்பனைப் பிரிவு சோங்கே. "இந்த ஆர்டர் போச்சு."

"என் பேச்சு அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

"குறட்டை கேக்கலையா உனக்கு?"

வீப்கே முகம் வாடி, திரையை அணைத்தாள்.

அரை மணி நேரம் கழித்து டீடெமான் கண்விழித்தார். கடிகாரத்தையும் காலிக் கோப்பைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒரு வாய் காப்பி குடிச்சாலே எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வராது. சோதிச்சுப் பார்க்கத்தான் நாலு கப் குடிச்சேன். தூக்கத்தைக் கெடுக்குற அந்தக் கஃபீனை எப்படித்தான் எடுத்தீங்க?"

"பச்சைக் கொட்டையை ஆவியில ஊறவெச்சு, அழுத்தம் கொடுத்துக் கரியமில வாயுவைச் செலுத்துறோம் சார். அது கஃபீனை மட்டும் இழுத்துக்கும். ருசி கொட்டையிலேயே தங்கிடும்."

"ஆமா, அசல் காப்பி ருசி. இருபது டன் எழுதிக்கோங்க."

சோங்கே பதறிப்போய்ப் பேனாவைத் தேடினான். வீப்கே சிரித்துக்கொண்டே தன்னுடையதை நீட்டினாள்.