மணலில் எழுதும் வீடு

துணுக்காயில் ஒரு பாலைமரத்தின் கீழ் இடம்பெயர்ந்த பிள்ளைகளின் ஐந்தாம் வகுப்பு நடக்கிறது. இலைகளினூடே விழும் வெயில் பொட்டுப் பொட்டாய் அவர்களின் முதுகில் அசைகிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் எழுதும் கொப்பிகள் வவுனியாவைத் தாண்டி வருவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் ஒரு சுளகளவு மணல் பரப்பிக் கிடக்கிறது. இன்றைய கட்டுரை ‘எங்கள் வீடு’. ஒரு வசனம் எழுதிவிட்டுக் கையை உயர்த்த வேண்டும். றெஜினா ரீச்சர் வந்து குனிந்து வாசித்து, “ஓம், சரி. அழி” என்ற பிறகுதான் மணலைத் தடவிவிட்டு அடுத்த வசனத்தை எழுதலாம். அதனால் எந்தப் பிள்ளையும் தன் கட்டுரையை முழுதாகக் கண்டதில்லை. ஜெனிற்றா முதல் வசனத்தில் வீட்டைக் கடற்கரையில் வைத்தாள்; அழித்தாள். அடுத்ததில் முற்றத்தில் வலையைக் காயப்போட்டாள், அதையும் அழித்தாள். இப்போது அவளுடைய மணலில், ‘பின்னேரம் அப்பா மீனோடு வருவார்’ என்று இருக்கிறது. ரீச்சரும் அதே முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்தவர்தான். ஜெனிற்றாவின் அப்பா போன படகு கரை திரும்பாத அந்தக் காலையில்தான் ஊர் முழுவதும் கரையை விட்டு எழும்பி நடந்தது. தூரத்தில் ஷெல் சத்தம் ஒன்று கேட்டு ஓய்கிறது. குனிந்த ரீச்சர் இன்னும் நிமிரவில்லை. “பிழையோ ரீச்சர்?” என்று ஜெனிற்றா கேட்கிறாள். “இல்லை பிள்ளை, ஒரு பிழையுமில்லை.” “அப்ப அழிக்கட்டோ?” சுற்றிவர மற்றப் பிள்ளைகளின் கைகள் உயர்ந்தபடி நிற்கின்றன. ஜெனிற்றாவின் உள்ளங்கை மட்டும் அந்த வசனத்துக்கு மேலே விரிந்தபடி, ரீச்சரின் சொல்லுக்காகக் காத்திருக்கிறது.