கடைசித் தகடு

ஆய்வகத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு டைட்டானியம் தகடு. அதன் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. எலும்பில் பொருத்தும் தகடுகளின் மேற்பரப்பை ஆராயும் பேராசிரியர் சிவக்கொழுந்துக்கு அது யாருடையது என்று தெரியும். அறுவை மருத்துவரான அவர் மனைவி மங்கை, போன மாதம் இங்கே வந்தபோது பதித்தது.

“கிளவுஸ் இல்லாம தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று அன்று எரிந்து விழுந்தார்.

“நாள் பூரா கிளவுஸ் போட்டே தொடுறவ நான். ஒரு தடவை வெறுங்கையால தொட்டுப் பாக்குறேனே,” என்று அவள் சிரித்தாள்.

எட்டாம் நாள் மாரடைப்பில் போய்விட்டாள். மற்றத் தகடுகளெல்லாம் சோதனையில் தீர்ந்தன. இதை மட்டும் அவர் தள்ளித் தள்ளி வைத்தார்.

“கழுவிடலாமா சார்? இன்னிக்கு டெஸ்ட் ரிசல்ட் போகலேன்னா, ஆஸ்பத்திரியில இந்த வகைத் தகட்டுக்காகக் காத்திருக்கிற குழந்தைக்கு ஆபரேஷன் தள்ளிப்போயிடும்,” என்றார் பொறியாளர் ஜெரால்ட், அசிட்டோன் புட்டியைப் பிடித்தபடி.

சிவக்கொழுந்து கையுறையைக் கழற்றினார். அந்த ரேகையின் மேல் தன் கட்டைவிரலை வைத்துச் சற்று நேரம் அழுத்தினார்.

“சார், கிளவுஸ்...”

“தெரியும்பா.” தகட்டை நீட்டினார். “இப்ப ரெண்டு பேரோட அழுக்கு. நல்லாக் கழுவு.”